நாலாவது வக்கீல்

"மூணு வக்கீலைப் பாத்தாச்சு சார். ஒரு கையெழுத்து போட இவளுக்கு நாலாவதா ஒருத்தர் வேணுமாம்."

நாற்காலியில் சரியாக உட்காரும் முன்பே புருஷோத்தமன் ஆரம்பித்துவிட்டான்.

வக்கீல் ராஜாங்கம் அவன் தங்கை சரிதாவைப் பார்த்தார். அவள் பக்கத்தில் அண்ணி நிர்மலா, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க சொல்லுங்கம்மா. என்ன விஷயம்?"

"நெல்லித்தோப்புல அப்பா வீடு சார். அவர் தவறி ஆறு மாசம் ஆச்சு. உயில் எழுதல. அம்மாவும் இல்ல. நானும் அண்ணனும்தான் வாரிசு."

"வாரிசு சர்ட்டிபிகேட்?"

"வாங்கியாச்சு சார்," என்று புருஷோத்தமன் குறுக்கே வந்தான். "இவ தன் பாகம் வேணாம்னு எனக்கு ஒரு விடுதலைப் பத்திரம் போட்டா முடிஞ்சுது. ஊர்ல எந்தத் தங்கச்சி போடல? மூணு வக்கீலும் டைப் அடிச்சு ரெடியா வச்சிருந்தாங்க. மூணு இடத்துலயும் எழுந்து வந்துட்டா. வீட்டுக்கு ஆள் வேற பாத்து வச்சிருக்கேன்."

நிர்மலா சட்டென்று திரும்பினாள். "வீட்டை விக்கப் போறீங்களா? எங்கிட்ட சொல்லவே இல்லியே!"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். நீ சும்மா இரு."

"அப்ப நாம எங்க போறது?"

"சும்மா இருன்னு சொல்றேன்ல."

நிர்மலாவின் கோபம் அவனிடம் நிற்கவில்லை. நாத்தனார் பக்கம் பாய்ந்தது.

"எல்லாம் இவங்களாலதான் சார். மூணு வருஷம் மாமா படுக்கையில கெடந்தாரு. இவங்க இருக்கற காலாப்பட்டு என்ன சீமையா? பஸ் ஏறினா அரை மணி. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஆரஞ்சுப் பழத்தோட வருவாங்க, தலைமாட்டுல நின்னு அழுவாங்க, அஞ்சு மணி பஸ்ஸுக்குக் கெளம்பிடுவாங்க. பாகம்னா மட்டும் கரெக்டா பாதி!"

சரிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அண்ணி சொல்றது நெசம்தான் சார்."

"பாருங்க, அவளே ஒத்துக்கறா," என்றான் புருஷோத்தமன்.

சரிதா நிமிர்ந்தாள். "சார், இந்த விடுதலைப் பத்திரம் யாருக்கு வேணா போடலாமா?"

"இல்லம்மா. கூட இருக்கற வாரிசுக்குத்தான். உங்க அண்ணனுக்கு."

"வேற ஒருத்தருக்கு என் பாதியைக் குடுக்கணும்னா?"

"தான செட்டில்மென்ட் எழுதலாம். அதுக்கப்புறம் அவங்க கையெழுத்து இல்லாம யாரும் வீட்டை முழுசா விக்க முடியாது. யாருக்கு எழுதணும்? உங்க வீட்டுக்காரருக்கா?"

"அப்படிச் சொல்லு!" புருஷோத்தமன் தொடையில் தட்டிக்கொண்டான். "மாப்ள பேருக்கு மாத்தத்தான் இத்தனை வக்கீலா? நல்லா இருக்குதும்மா. அப்பா சம்பாதிச்ச வீட்டுல வெளியாளை உள்ள கொண்டாந்து வுடப் போற!"

நிர்மலா எழுந்து நின்றாள். "வாங்க, போவலாம். இவங்க மூஞ்சியில முழிக்கவே எனக்கு இஷ்டமில்ல."

"ஒரு நிமிஷம் உக்காருங்க அண்ணி," என்றாள் சரிதா. கைப்பையிலிருந்து ஓரம் மடங்கிய ஆதார் ஜெராக்ஸ் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இவங்க பேருக்கு எழுதுங்க சார்."

ராஜாங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"நிர்மலா. கணவர் பெயர், புருஷோத்தமன்."

புருஷோத்தமன் எட்டி அந்த ஜெராக்ஸைப் பார்த்தான்.

நிர்மலா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். "என் ஆதார் உங்ககிட்ட ஏது?"

"அப்பாவோட ஆஸ்பத்திரி ஃபைல்ல இருந்துச்சு அண்ணி. ஒவ்வொரு தடவை சேக்கும்போதும், கூட இருந்து பாத்துக்கறவங்க ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு வாங்கி வச்சிருக்காங்க. மொத்தம் ஒம்போது இருந்துச்சு. ஒம்போதும் உங்களுது. அண்ணனோடது ஒண்ணு இல்ல, என்னோடது ஒண்ணு இல்ல."