நிலானியின் கைப்பலம்

"அப்பா, உங்க கைக்கே கழலாத நட்டு என் கைக்கு மட்டும் எப்படிக் கழண்டுச்சு?"

ஆறு வயதில் நிலானி கேட்ட கேள்வி அது. தன் குட்டிச் சைக்கிளில் துருவேறிக் கிடந்த நட்டைக் கழற்றிவிட்டு, கையில் ஸ்பேனரோடு நின்று கேட்டாள்.

"கையில முருகன் இருக்கான்ம்மா," என்றார் விநாசித்தம்பி.

அன்று ஸ்பேனரைப் பிடித்தவள், இன்று பாயான் லெப்பாஸ் சிப் ஃபேக்டரியில் இன்ஜினியர். அவர்கள் ஊரான சுங்கை பினாங்கில் அந்த நட்டுக் கதையை அவர் வாயால் கேட்காதவர்கள் யாருமில்லை. இன்றும் அதைத்தான் ஆரம்பித்தார்.

"அண்ணே, கதைய அப்புறம் சொல்லலாம்லா," என்று வெட்டினார் கோயில் தலைவர் முனுசாமி. "மொதல்ல இந்தப் புல்லிய கழட்டுங்க. நேத்து முழுக்கப் போராடினீங்க, அசையவே இல்ல."

கோயில் பின்புறக் கொட்டகையில் நின்றது அந்தப் பழைய டிராக்டர். நிபோங் திபால் தோட்டத்திலிருந்து வந்த நாள் முதல் முருகனின் ரதத்தை இழுப்பது அதுதான். ஓட்டுவதும் பார்த்துக்கொள்வதும் விநாசித்தம்பி. இந்த வருடம் இன்ஜினின் முன்பக்கம் எண்ணெய் ஒழுகியது. அதை அடைக்க வேண்டுமென்றால் கிராங்க் தண்டின் முனையில் பெல்ட் ஓடும் புல்லியைக் கழற்றியாக வேண்டும். அதுவோ தண்டோடு ஒட்டிப் பிறந்ததுபோல் இறுகிக் கிடந்தது.

"இன்னைக்கும் கழலலைன்னா பாய் லாரியில ஏத்திடுவோம். ரதத்துக்கு வேற வண்டி சொல்லிக்கலாம்."

பழைய இரும்பு வியாபாரி காஜா மொய்தீன், வாசலில் லாரியை நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய தே தாரிக் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"என்னை வில்லன் மாதிரி பாக்காதீங்கண்ணே. நீங்க கழட்டிட்டா வெறும் லாரியோட சந்தோஷமா போவேன்."

முனுசாமி குரலைத் தாழ்த்தினார். "வண்டிக்காக மட்டும் சொல்லலண்ணே. ஸ்ட்ரோக் வந்ததுலேருந்து உங்க வலது கை நடுங்குது. போதும், ரெஸ்ட் எடுங்க."

அந்தச் சொல்தான் சுட்டது. வண்டி போனால் இன்னொரு வண்டி வரும். விநாசித்தம்பிக்குக் கை போய்விட்டது என்று ஊர் பேசிவிட்டால், அதை எந்த லாரி திருப்பிக் கொண்டுவரும்?

"ஏம்மா, நீதான் இன்ஜினியராச்சே. நீ கழட்டேன்," என்றார் முனுசாமி, படியில் உட்கார்ந்திருந்த நிலானியைப் பார்த்து. நைட் ஷிப்ட் முடிந்து நேராகச் சாமி கும்பிட வந்திருந்தாள். நெற்றியில் திருநீறு.

"அவ கிளவுஸ் போட்டுத்தான் மெஷினையே தொடுவா," என்றார் விநாசித்தம்பி பெருமையோடு. "வேலை முடிஞ்சு வந்தா கை டாக்டர் கை மாதிரி இருக்கும்."

நிலானி ஜாக்கெட் பைக்குள் கைகளை விட்டபடி சிரித்தாள். "எனக்கு இந்தக் கிழட்டு வண்டியெல்லாம் தெரியாது அங்கிள். அப்பாதான் செய்யணும்."

"சரி, சீக்கிரம்ணே. ஐயருக்கு வேற காலையிலேருந்து மூடு சரியில்ல. விடியறப்ப எவனோ இந்தப் பக்கம் பட்டாசு வெடிச்சானாம். புறாவெல்லாம் பறந்துடுச்சுன்னு புலம்பறாரு."

விநாசித்தம்பி, புல்லியை இழுத்துக் கழற்றும் மூன்று கால் புல்லரை எடுத்தார். கால்கள் மூன்றும் புல்லியின் விளிம்பைக் கவ்வின. நடுத் திருகாணி தண்டின் முனையில் போய் உட்கார்ந்தது.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. இறுகின புல்லி விடறப்போ 'டமார்'னு வெடிக்கும்."

காஜா மொய்தீன் காதைப் பொத்திக்கொண்டார். முனுசாமி தூணுக்குப் பின்னால் போனார். விநாசித்தம்பி ஸ்பேனரைப் பிடித்தார். வலது கை நடுங்கியது. அதன்மேல் இடது கையை வைத்து அழுத்தினார்.

"முருகா!"

ஒரு சுற்று. இன்னும் அரைச் சுற்று.

புல்லி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்து அவர் கைகளில் விழுந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தினார் காஜா மொய்தீன். "என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களேண்ணே!"

முனுசாமி ஓடிவந்து அவருடைய எண்ணெய்க் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "இந்தக் கையையா நான் அப்படிச் சொன்னேன்? என் வாயைக் கழுவணும். இந்த வருஷமும் ரதத்துக்கு நீங்கதாண்ணே! இருங்க, ஐயர்கிட்ட சொல்லிட்டு வர்றேன்."

முனுசாமி கோயிலுக்குள் ஓடினார்; காஜா மொய்தீன் வெறும் லாரியை எடுக்கப் போனார். விநாசித்தம்பி கையிலிருந்த புல்லியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நிலானி எழுந்து வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "எப்படிப்பா கழண்டுச்சு?"

பாட்டிலைப் பிடித்திருந்த அவளுடைய நகங்களுக்குள் கருப்பாகக் கிரீஸ்.

இறுகிய புல்லி வெடிக்காமல் விடாது; விடியலில் ஐயர் கேட்டது பட்டாசுச் சத்தம் இல்லை. துருவேறிய நட்டும் கீச்சென்று கத்தாமல் கழலாது. முன்கூட்டியே யாராவது அதை விடுவித்து, சும்மா திருப்பி மாட்டி வைத்திருந்தால்தான் உண்டு.

"அன்னைக்கே சொன்னேனேம்மா, கையில முருகன் இருக்கான்னு," என்றார். யார் கையில் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

முனுசாமி திரும்பி வருவதற்குள், மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மகளின் நகங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார். ஆறு வயது நிலானி தூங்கி எழுவதற்குள் அந்தச் சைக்கிள் நட்டைக் கழற்றி, விரலால் திருகி வைத்துவிட்டு, தம் கைகளை அவர் துடைத்துக்கொண்டதும் இப்படியொரு துணியால்தான்.