துணைக்கு வந்தவர்

துப்பாக்கி சுடும் மையத்தில் இருபது ஆண்டுகளாகப் பயிற்சி அளித்துவரும் அவர், தம் மனைவியை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்து வந்திருந்தார்.

“இவளுக்கு மறதி, டாக்டர். நேத்து நான் ரெண்டு தடவை பால் வாங்கிட்டு வந்தேன். வீட்ல இருக்குன்னு சொல்ல மறந்துட்டு, சொன்னேன்னு அடிச்சுப் பேசுறா!”

மனைவி தலைகுனிந்து அமர்ந்திருந்தாள்.

“மூணு சொல் சொல்றேன்மா, மனசுல வச்சுக்குங்க. குடை, ஜன்னல், எலுமிச்சை” என்ற மருத்துவர், கணவர் பக்கம் திரும்பினார். “மத்தவங்க சுடும்போது நீங்க எங்க சார் நிப்பீங்க?”

“பக்கத்துலயேதான். ஒவ்வொரு வெடிக்கும் நெஞ்சே அதிரும். காதுக்குக் கவசம் மாட்டிக்குவேன். பழகிப்போச்சு.”

“சரி, அந்த மூணு சொல்லை நீங்களே சொல்லுங்க சார்.”

“துணைக்கு வந்தவனுக்குமா பரீட்சை?” என்று அவர் சிரித்தார். “குடை...”

சிரிப்பு மெல்ல மறைந்தது. “குடை...”

“காதுல மாட்டுறது சத்தத்தைத்தான் தடுக்கும் சார். அதிர்வு மூளையையும் பாதிக்கலாம். காரணம் அதுதானான்னு சோதிச்சுப் பார்க்கணும். அதுவரைக்கும் மையத்துக்குப் போகாதீங்க. உங்களுக்காகத்தான் இவங்க போன வாரமே வந்து எங்கிட்ட பேசினாங்க.”

மனைவி அவர் கையைப் பற்றிக்கொண்டாள். “உங்களுக்குன்னா வரமாட்டேன்னு பிடிவாதம் பிடிச்சீங்க. எனக்குன்னதும் லீவு போட்டுட்டு ஓடி வந்தீங்க.”

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“அப்போ உனக்கு ஒண்ணும் இல்லியே?”

“இல்லீங்க.”

“அப்பாடா!” என்று அவர் பெருமூச்சு விட்டார்.