பிடிகொடுக்காத மஞ்சள் பூ

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இந்த மலைப் பள்ளத்தாக்கில் எனக்குப் பெயர் தெரியாத பூவோ புல்லோ கிடையாது" என்று தாவரவியல் பேராசிரியர் போன மாதம்தான் பேட்டி கொடுத்திருந்தார்.

இன்று மாலை அவருடைய பள்ளத்தாக்குத் தாவரப் பட்டியல் அச்சுக்குப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் பெயர் எழுதியாகிவிட்டது, ஒரே ஒரு மஞ்சள் பூவைத் தவிர. மூன்று மணி நேரமாக அதன்முன் பூதக்கண்ணாடியோடு குப்புறப் படுத்திருந்தார்.

"எத்தனை இதழுங்க?" என்றாள் குடை பிடித்திருந்த மனைவி.

"அஞ்சு! புத்தகத்துல இந்த மாதிரி மஞ்சள் பூ எல்லாத்துக்கும் நாலுதான். என் உயிரை வாங்கறதுக்குன்னே முளைச்சிருக்கு."

"தெரியலைன்னு எழுதிடுங்களேன்."

"தெரியலையா? நானா? சும்மா இரு!"

"அப்ப தெரிஞ்சவங்களைக் கேளுங்க. வேற பேர்ல கேட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

அந்த யோசனை பிடித்தது. பூவைக் கைபேசியில் படமெடுத்து, பொய்ப் பெயரில் தாவர ஆய்வுச் சங்கத்துக்கு அனுப்பினார். ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது: "உங்கள் படத்தை நாட்டின் தலைசிறந்த நிபுணருக்கு அனுப்பியிருக்கிறோம். இன்றே விடை கிடைக்கும்."

"பாத்தியா, தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கான்!" பேராசிரியர் நிம்மதியாக எழுந்து உட்கார்ந்தார்.

கைபேசி மறுபடியும் சிணுங்கியது. இந்தத் தடவை மனைவி வாங்கிப் பார்த்தாள்.

"ஏங்க, அந்தப் படம் உங்களுக்குத்தான் வந்திருக்கு."