மூன்றாம் சென்சார்

தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில் சைரன் அலறியது. பெயின்ட் காயவைக்கும் கேஸ் உலை அருகே நின்றிருந்தவர்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்கள்.

கண்ட்ரோல் ரூமில், அந்தத் தொழிற்சாலைக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் முன்னால் கங்கா உட்கார்ந்திருந்தாள். பேனலில் மூன்றாம் கேஸ் சென்சாரின் எண் ஐம்பது, அறுபது என்று ஏறியது.

சைரனைச் சோதிப்பதற்காக, சென்சாரைப் போலவே பேனலுக்கு எண்களை அனுப்பும் புரோகிராம் ஒன்றை மூன்று மாதம் முன்பு அவள்தான் எழுதினாள். "அசல் சென்சாரே தோத்துது போ" என்று மேனேஜர் ஸ்ரீதர் அன்று பாராட்டினார்.

அவள் கணவன் தணிகாசலத்துக்கு அந்த உலையில்தான் வேலை. கேஸ் வாசனை அடிக்கிறது என்று ஒரு வாரமாகத் தலைவலியோடு பிள்ளைப்பாக்கம் வீட்டுக்குத் திரும்புகிறான். கங்கா நான்கு முறை ஸ்ரீதரிடம் போய்ச் சொன்னாள். "பேனல்ல ஜீரோதானம்மா காட்டுது?" என்று நான்கு முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

இன்று தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் பரசுராமன் வந்திருந்தார். எல்லாம் சரி என்று கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த நேரத்தில்தான் சைரன் அடித்தது.

"இன்னாம்மா இது? நிறுத்து" என்று ஸ்ரீதர் அவள் காதருகே சீறினார்.

"ஏறிக்கினே போவுது சார்."

கண்ணாடிக்கு அப்பால் தணிகாசலம் இருமிக்கொண்டே வெளியே வந்தான். கங்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பரசுராமன் பையிலிருந்து கேஸ் மீட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஸ்ரீதர் வாசலை மறித்தார்.

"போவாதீங்க சார். ஒண்ணும் இருக்காது. ஃபால்ஸ் அலாரம்."

"தொண்ணூறு காட்டுது. ஃபால்ஸுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஸ்ரீதர் கழுத்து வேர்வையைத் துடைத்தார். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

இன்ஸ்பெக்டர் கங்கா பக்கம் திரும்பினார். "மூணாவது சென்சார் எந்த இடத்தில இருக்கு? நீ சொல்லும்மா."

வேலை போய்விடும் என்று தெரிந்தே கங்கா எழுந்து நின்றாள்.

"அங்க ஒரு சென்சார்கூட மாட்டல சார். ஜீரோவும் இவரு சொல்லி நான் அனுப்பினதுதான், தொண்ணூறும் நான் அனுப்பினதுதான்."