புது ஆளின் முதல் சுற்று

புதிதாக வந்தவன் முதல் சுற்றைத் தனியாகத்தான் சறுக்கவேண்டும். எஸ்டர்வில் ஊரின் பனி ஹாக்கி அரங்கின் வழக்கம் அது. இன்று மோதவிருக்கும் எதிரணியில் நேற்றுவரை ஆடிய கார்சன், இந்த ஊர் அணிக்கு மாறிப் பனித்தளத்தில் இறங்குகிறான். போன மாதம் இங்கேதான் இந்த அணியின் ஆட்டக்காரன் டார்சியின் தாடையை உடைத்தான். இனி யார்மீதும் அப்படி மோதுவதில்லை என்று அன்றே சபதம் செய்தான். ஊரே கண்ணாடிச் சுவரைப் படபடவென்று தட்டுகிறது. “தாடை டாக்டர் வந்துட்டாரு டோய்!” சிரிப்பு வெடிக்கிறது. முதல் வரிசையில் டார்சியின் அம்மா. கார்சன் தலைகுனிகிறான்.

“நிமிர்ந்து பாரு கண்ணு! என் பிள்ளைக்குக் குடுத்தியே, அதே அடிய இன்னைக்கு அவனுங்களுக்குக் குடு!”

அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. எதிர்ப்பாதியில் அவனுடைய பழைய அணியின் அறைத்தோழன் ஓவன், அம்மா சொன்னது எதுவும் காதில் விழாமல், மட்டையை உயர்த்திக் காட்டிச் சிரிக்கிறான்.