தொடர்புப் பட்டியல்

மூளைக்காய்ச்சலிலிருந்து தப்பிப் படுத்திருந்த கல்லூரி மாணவனின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் நோய்க் கண்காணிப்பு அதிகாரி.

"போன வாரம் யார் யாரோட நெருங்கிப் பழகினே, தம்பி?"

"விடுதி அறையில ரெண்டு பேர், மேடம்."

"அப்புறம்?"

காதெல்லாம் சிவக்க அவன் கூரையைப் பார்த்தான். அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. இந்த வேலையில் இப்படிக் கூரையைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர்.

"உன் காதல் கதை எனக்கு வேண்டாம்ப்பா. கிருமி யார்கிட்ட போயிருக்கும்னு தெரிஞ்சா போதும். இன்னைக்கே அவளுக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்கணும். இல்லன்னா அவளும் இப்படிப் படுக்க வேண்டி வரலாம்."

அவன் ஆடிப்போனான். "அவங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாங்க மேடம்!"

"பொண்ணு நல்லா இருந்தா போதும்னுதான் எந்த அம்மாவும் நினைப்பாங்க. நம்பரைச் சொல்லு."

ஒவ்வொரு எண்ணாகச் சொன்னவன் பாதியில் மூச்சு வாங்க நிறுத்தினான். மீதியை அதிகாரியின் பேனா தானாகவே எழுதி முடித்துவிட்டது.

பெயரை அவர் கேட்கவில்லை.

"மாத்திரையை அவகிட்ட யார் கொடுப்பாங்க மேடம்?"

"வீட்டுக்குப் போனதும் நானே கொடுக்கிறேன்" என்றார் அதிகாரி. "நீங்க முதல்ல குணமாகி வந்து சேருங்க, மாப்பிள்ளை."