தானே பூட்டிக்கொள்ளும் மூடி

"பல்லால கடிக்கலாமா மிஸ்?"

"கடிக்கலாம், தட்டலாம், உருட்டலாம், என்ன வேணும்னாலும் செய்யலாம். பத்து நிமிஷம் டைம்" என்றாள் சோதனை அதிகாரி, கையிலிருந்த கடிகாரத்தை அழுத்தியபடி.

மஞ்சள் கவுன் போட்ட அந்த நாலு வயது வாண்டு உடனே மாத்திரை டப்பாவின் மூடியை வாயில் வைத்துக்கொண்டாள். உள்ளே மாத்திரை கிடையாது. பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்று கடகடவென்று ஆடியது. திறந்தால் பொத்தான் அவளுக்கே.

மழலையர் பள்ளியின் வகுப்பறை அது. குட்டி நாற்காலி ஒன்றில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார் மூடிக்காரர். மருந்துக் கம்பெனியில் டப்பா மூடி வடிவமைக்கிற என்ஜினீயர். இருபது வருஷமாக மூடியைத் தவிர வேறு பேச்சே பேசாததால், கம்பெனியில் அவருடைய சொந்தப் பெயரை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

"நாப்பத்தொம்பது பிள்ளைங்க தோத்தாச்சு. இவதான் கடைசி" என்றாள் அதிகாரி தாழ்ந்த குரலில். "விதிப்படி அஞ்சாறு பிள்ளைங்க திறந்தாக்கூட உங்க மூடி பாஸ்தான் சார். அப்புறம் ஏன் நகத்தைக் கடிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"ஒண்ணுகூடத் திறக்கக் கூடாது மேடம்."

"பிடிவாதம்தான்."

"ஆமா. அந்தக் காலத்துல மருந்தைப் பொட்டலமா மடிச்சுக் குடுத்தாங்க. அப்புறம் கார்க்கு வந்துச்சு. அப்புறம் திருகு மூடி, அமுக்கித் திருகற மூடி. எல்லாத்துலயும் ஒரே குறை, பெரியவங்க ஒழுங்கா மூடணும். இதுக்கு அதெல்லாம் வேண்டாம். சும்மா மேல வெச்சாலே தானே பூட்டிக்கும். சரியா மூடாம விட்டுட்டேனேன்னு இனிமே எந்த அம்மாவும் அழ வேண்டாம்."

எந்த அம்மா என்று அதிகாரி கேட்கவில்லை. கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை வேளை. அவர் ஹாலில் ஆபீஸ் போனில் இருந்தார். அவர் மனைவி மாமனாருக்குப் பிரஷர் மாத்திரை கொடுத்துவிட்டு, டப்பாவை மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். மூன்றரை வயது மகள் அத்தனை மாத்திரையையும் விழுங்கிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன குழந்தை உயிரோடு திரும்பவில்லை. நான்தான் அரைகுறையாக மூடினேன், நான்தான் கொன்றேன் என்று அந்த அம்மாள் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். இப்போதும் படுக்கப் போகுமுன் வீட்டிலுள்ள உப்பு ஜாடி முதல் எண்ணெய்க் குப்பி வரை ஒவ்வொன்றையும் இறுக்கிப் பார்ப்பாளாம்.

பேசும்போதே அவர் கை, பக்கத்து மேசையில் கிடந்த இன்னொரு டப்பாவை எடுத்துத் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. "முந்தாநாள் கேன்டீன்ல என் தண்ணி பாட்டிலைக்கூட நான் கேக்காமலே திறந்து வெச்சீங்க."

"கை பழகிடுச்சு மேடம். எதைக் குடுத்தாலும் அதுபாட்டுக்குத் திறந்துடும். எனக்கே தெரியாது."

வாண்டு விடுவதாக இல்லை. டப்பாவைத் தரையில் அடித்தாள். மேலே ஏறி உட்கார்ந்தாள். கவுன் நுனியால் மூடியைச் சுற்றி, முகம் சிவக்கத் திருகினாள். அதிகாரிக்கே அவள்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

எட்டாவது நிமிஷம் மூடிக்காரரின் போன் அடித்தது. மனைவி. எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

"என்னங்க ஆச்சு?"

"நாப்பத்தொம்பது பேராலயும் முடியல. இன்னும் ஒண்ணே ஒண்ணு. அதுவும் முடியாது பாரு."

"அன்னிக்கு இந்த மூடி இருந்திருந்தா, நான் சரியா மூடாம விட்டதும் தானே பூட்டியிருக்கும், இல்லீங்க?" என்றாள்.

"திரும்பத் திரும்ப அதையே பேசாதேம்மா" என்றார். "எட்டு வருஷம் அழுதது போதும். இது மட்டும் பாஸாகட்டும். ஊர்ல ஒரு வீட்டுலயும் உன்னை மாதிரி ஒருத்தி உக்காந்து அழக் கூடாது. அதுக்குத்தானே நான் ராப்பகலா..."

"தேங்க்ஸ் மாமா."

கீழே குனிந்து பார்த்தார். மஞ்சள் கவுன் அவர் காலடியில் நின்றது. அவள் கையில் சிவப்புப் பொத்தான்.

அதிகாரி கடிகாரத்தை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "சார், இவ டப்பாவைக் கொண்டுவந்து உங்க கையில வெச்சா. நீங்க பேசிக்கிட்டே திறந்து குடுத்துட்டீங்க. பயப்படாதீங்க, இது கணக்குல சேராது. உங்க மூடி பாஸ்."

மூடிக்காரர் சிரிக்கவில்லை. இடது கையில் போன். வலது கையில் மூடி. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கும் இப்படித்தான், பேச்சுக்கு நடுவே உள்ளங்கையில் ஏதோ வந்து இடித்தது. 'தேங்க்ஸ்ப்பா' என்று ஒரு குரல் கேட்டது.

"ஹலோ, என்னங்க? ஏன் பேச மாட்டேங்கறீங்க? அந்தப் பொண்ணு திறந்துட்டாளா?"

"நீ அன்னிக்குச் சரியாத்தான் மூடியிருந்தே" என்றார் அவர். "நான்தான் திறந்து குடுத்தேன்."